மேல்தட்டில் பிள்ளையார்

ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் மாரிசெல்விக்கு எப்போதும் இடது பக்க ஜன்னல்தான் வேண்டும். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சண்டை போட்டாவது எழுப்பிவிடுவாள். அப்படி என்ன பெரிய காட்சி என்று கேட்கிறீர்களா? ஒன்றுமே இல்லை. பின்வரிசைத் தெருவில் ஒரு குடோன், வாசலில் கன்டெய்னர் லாரிகள், நிழலில் படுத்திருக்கும் ஒரு நாய். போன வருஷம், 2014-இல், அந்தக் கட்டடத்தை யாரோ பார்சல் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அங்கே செராமிக் கம்பெனி இருந்தது. மாரிசெல்வியின் இளமை முழுக்க அந்த ஷெட்டுக்குள்தான் கழிந்தது.

இப்போது அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஏசி உண்டு, வாரத்தில் ஒரு நாள் கேன்டீனில் பிரியாணி உண்டு. இருந்து என்ன? பழைய ஷெட்டில் வந்த அந்த மெழுகு கருகுகிற வாடை இங்கே இல்லையே! ஒருத்தருக்குத் தாழம்பூ, ஒருத்தருக்கு மெழுகுப் புகை. மனசை யார் கேள்வி கேட்பது?

நாங்குநேரிப் பக்கம் அவள் ஊர். பிளஸ் டூ முடித்த கையோடு 2008-இல் ஒரு வேன் நிறையப் பெண்களோடு ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கினாள். எல்லோரும் செல்போன் கம்பெனிக்கு. கூட வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள், இவள் மட்டும் கண் டெஸ்ட்டில் தோற்றுப்போனாள். கேட்டுக்கு வெளியே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றவளை ஏஜென்ட் கூட்டிவந்து இந்த செராமிக் கம்பெனியில் தள்ளிவிட்டுப் போனார். அங்கே தரப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த ராமன் சார் கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு வெள்ளை வளையங்களை நூலில் தொங்கவிட்டு, ஒரு சின்னக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"எதும்மா நல்ல ரிங்கு?"

"ரெண்டாவது சார். மொதலாவது தொண்டை கட்டுனாப்புல இருக்கு."

வேலை கிடைத்துவிட்டது. கண்ணால் தோற்றவள் காதால் பிழைத்தாள் என்று வையுங்கள்.

செராமிக் என்றதும் ஹாஸ்டல் பெண்கள் அவளுக்கு 'டீ கப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ டீ கப்பு, எங்களுக்கும் ரெண்டு கப்பு சாசர் கொண்டாட்டி!" என்று கொக்கரிப்பார்கள். இவளும் முதலில் கப்புதான் செய்யப்போகிறோம் என்று நினைத்து வந்தவள்தான், அதனால் பதில் பேச முடியவில்லை. அம்மாவிடம் போனில், "ஆமா, கப்புதான்" என்று சொல்லிவிட்டாள். ஆசிட் இறைக்கும் பம்பில், சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் அடைத்து நிற்கிற ரிங் அது, இரும்பைத் தின்கிற ஆசிட் அதைத் தின்னாது, அரம் போட்டு ராவினால் அரம்தான் தேயும் என்று நாங்குநேரிக்கு எஸ்டிடி போட்டு விளக்க முடியுமா என்ன?

அந்த ரிங், செய்யும்போது பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அலுமினா என்று ஒரு வெள்ளைத் தூள், ஒட்டிக்கொள்ள மெழுகு கலந்தது, ரவை போல விரலிடுக்கில் ஓடும். அதை அச்சில் கொட்டி பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பார்கள். சூளைக்குப் போகாத அந்தப் பீஸுக்குப் பெயர் பச்சை. முதல் நாள் யாரோ, "அந்தப் பச்சையை எடுத்துக்கிட்டு வா" என்று சொல்ல, மாரிசெல்வி ஷெட் முழுக்கப் பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டு அலைந்தாள். சூளையில் அடுக்கும் பேச்சிராஜ் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன சிரிக்கிய?" என்று சீறினாள்.

"வேவாததெல்லாம் பச்சைதான தாயி! இந்தா, இதுதான்" என்று ஒன்றை நீட்டினான். கோபத்தில் வெடுக்கென்று பிடுங்கினாள். சாக்பீஸ் போல அது அவள் கையிலேயே ரெண்டாகப் போயிற்று. அவன் சிரிப்பு நின்றுவிட்டது, அவளுக்கு வந்துவிட்டது. அவர்கள் கதை அங்கே ஆரம்பித்தது.

பேச்சிராஜ் வள்ளியூர்ப் பக்கம். மண்ணூரில் நான்கைந்து பையன்களோடு ஒரு அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் போவார்கள். கோவிலுக்குப் பாதி, ஸ்டேஷன் பக்கத்து பஜ்ஜிக் கடைக்குப் பாதி. ஆட்டோக்காரன் பத்துப் பேரைத் திணித்து, "இன்னும் ரெண்டு பேரு, கொஞ்சம் தள்ளி குந்து" என்று சொல்லும் அந்த நெருக்கடியில் உட்கார்ந்து அவன் காதல் பேசவில்லை, சூளையைப் பற்றிப் பேசினான். ஆண்பிள்ளைகளுக்கு வேறு என்ன தெரியும்!

"இட்லி வெந்தா உப்பும், இது வெந்தா சுருங்கும். ஆறுல ஒரு பங்கு போயிரும், தெரியுமா? உருகாது, தண்ணியா ஆவாது. அந்தச் சூட்டுல தூளும் தூளும் சேந்து ஒட்டி, நடுவுல கெடக்க காத்தத் தள்ளிருது. அதான் அம்புட்டுக் கெட்டி."

"ஓஹோ."

"சூடு உச்சிக்குப் போனப்பொறவு ஓட்டை வழியா கருப்புக் கண்ணாடி வச்சிப் பாக்கணும் செல்வி. ரிங்கும் தெரியாது, செவுரும் தெரியாது. எல்லாம் ஒரே வெளிச்சம். ஒருநா ஒனக்குக் காட்டுதேன்."

காட்டினான். கோதண்டம் அண்ணனிடம் கெஞ்சி, ஒரு சாயங்காலம் கூட்டிப்போய்க் காட்டினான். கோதண்டம் மண்ணூர்க்காரர், சூளைக்குப் பொறுப்பு அவர்தான். வாய்க்கு வாய் வசவு, மனசு வெல்லம். மாரிசெல்வி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கன்னம் காந்தியது, கண்ணெல்லாம் வெள்ளை. இன்றைக்கு ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போதுகூட, கண்ணை மூடினால் அந்த வெள்ளை வருகிறது. அந்த நாட்கள் திரும்ப வராதா என்று அவள் ஏங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

காதலுக்குக் குறுக்கே சாதி வரவில்லை, முறை வரவில்லை. இரண்டும் சரியாகத்தான் இருந்தன, தூரத்துச் சொந்தம்கூட. குறுக்கே வந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பர்மனன்ட்! அந்தச் சீமையில் ஜாதகத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பார்கள். மாரிசெல்வியின் அண்ணன் அய்யாத்துரை அதே ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டினான். அப்பா இல்லாத குடும்பத்தில் அவன் சொல்தான் சட்டம்.

"பையனைக் குறை சொல்லல. ஆனா கான்ட்ராக்ட்டு. நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாம்னா ஒன்னைய எங்க கொண்டுபோயி வப்பான்? கார் கம்பெனியில பர்மனன்ட்டா ஒரு பையன் இருக்கான், கேட்டுக்கிட்டே இருக்காவ. தைக்குள்ள இவன் பர்மனன்ட் ஆவட்டும், இல்லன்னா அந்த எடத்தப் பேசி முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டான். அண்ணனைக் குறை சொல்லியும் பயனில்லை, நேற்று பஸ்ஸில் வந்த கான்ட்ராக்ட் பையன் இன்று கேட்டுக்கு வெளியே நிற்பதை அவன் எத்தனையோ தடவை பார்த்தவன்.

நல்லவேளையாக அந்த வருஷம், 2011 என்று ஞாபகம், கம்பெனி ஒருத்தனை பர்மனன்ட் ஆக்கப்போகிறது என்று பேச்சு வந்தது. சூளை செக்ஷனுக்குத்தான், பேச்சிராஜுக்குத்தான் என்று ராமன் சாரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கையில் ஒரு பெரிய ஆர்டர். அது நல்லபடியாகப் போனால் ஆர்டர் கையோடு லெட்டர். மாரிசெல்விக்குத் தூக்கம் போய்விட்டது. பேச்சிராஜுக்கோ பக்தி வந்துவிட்டது.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில், அவன் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரஸ்ஸடியில் சிந்தின தூளைக் கூட்டியெடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா பேச்சி, கொழுக்கட்டையா?" என்றார் கோதண்டம்.

"பிள்ளையாரு அண்ணே. இந்த லோடோட சேத்து வேவ வச்சி எடுத்தா ஆயுசுக்கும் ஒடையாது. நம்ம ஷெட்டுலயே வச்சிக் கும்பிடலாம்."

"கம்பெனி மாவத் திருடி சாமியா?"

"திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம்."

கோதண்டத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா ரொம்ப தடியா கீதே. எங்க ஊரு கொயவரு பொம்மைக்கு உள்ள கொடைஞ்சி காலியா வுடுவாரு. வவுத்த கொஞ்சம் கொடைஞ்சிரு."

பக்கத்தில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த மாரிசெல்வி பதறிவிட்டாள். "ஐயோ அண்ணே! பிள்ளையாருக்கு வெறும் வயிறா? நல்ல நாளும் அதுவுமா அவரப் பட்டினி போடவா? அதெல்லாம் கூடாது, ரொம்பித்தான் இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிராஜ் தொந்தியில் இன்னும் ஒரு பிடி மாவை அப்பினான்.

மறுநாள் காலையில் அந்தப் பெரிய ஆர்டரின் லோடை ஏற்றினார்கள். ரிங்குகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியபின், பிள்ளையாரை அடித்தட்டின் ஓரத்தில் வைக்கப் போனான் பேச்சிராஜ். கோதண்டம் ஒரே கத்தாகக் கத்தினார்.

"டேய்! சாமிய காலாண்ட வெச்சிக்கினு அதும் தலைமேல ரிங்கு அடுக்குவியா? மேல வைடா, மேல!"

மேல்தட்டின் நடுவில் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். கதவை மூடினார்கள்.

சூளைக்கு ஒரு போக்கு உண்டு. மெல்லிய ரிங்குக்குத் தக்கபடி சூடு ஏற்றுவார்கள். ஈரத்தோடு கைப்பிடிப் பருமனாக இருக்கும் ஒரு தொந்திக்கு அந்த வேகம் ஆகாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும், வழி இல்லாவிட்டால் வெடிக்கும். இது கோதண்டத்துக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். சாமி விஷயம் என்று வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், அவ்வளவுதான். அன்றைக்கு முற்பகலில் சூளைக்குள் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சதுர்த்தி ஆயிற்றே, மண்ணூர்ப் பக்கம் பட்டாசும் தாரை தப்பட்டையுமாக ஊர் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. "எங்காளுங்கதான், அணுகுண்டு வுட்றானுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார் கோதண்டம்.

சூளை ஆறிக் கதவைத் திறந்தபோது மேல்தட்டில் பிள்ளையாரின் தலை மட்டும் இருந்தது. பளபளவென்று, கல் போல இறுகி, கொஞ்சம் சின்னதாகி, தும்பிக்கை கோணாமல் இருந்தது. தொந்தி இருந்த இடம் காலி. பச்சையாக இருந்தபோதே தெறித்த துணுக்குகள் மேலிருந்து அத்தனை தட்டுகளிலும் கொட்டி, ரிங்குகளின் மேல் விழுந்து, பிறகு உச்சிச் சூட்டில் ரிங்கோடு ரிங்காக ஒட்டி வெந்துபோயிருந்தன. அடித்தட்டில் வைத்திருந்தால் அந்த ஒரு தட்டோடு போயிருக்கும்.

கோதண்டம் நின்ற இடத்திலேயே இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். பேச்சிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளையார் பிடிக்கக் கொரங்கா முடிஞ்சாக்கூட தேவலையே அண்ணே" என்றான்.

ராமன் சார் ஓடிவருவதற்குள் கோதண்டம் தலையை எடுத்துத் துண்டில் சுருட்டிக்கொண்டார். "மேலேந்து செங்கல்லு பொரிஞ்சி வுழுந்துகீது சார்" என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டார். ராமன் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"சாணைச் சக்கரத்துல பிடிச்சு ஒட்டினதை எல்லாம் எடுத்துடுங்க. செல்வி பார்க்கட்டும். தேறினா அனுப்பலாம். தேறலைன்னா என்ன நடந்ததுன்னு நான் மேல பதில் சொல்லியாகணும்."

அதாவது, தேறினால் கேள்வி இல்லை. தேறாவிட்டால் விசாரணை, செங்கல் பொய் வெளியே வரும், பேச்சிராஜின் லெட்டர் போகும், தைக்கு முன்னால் அண்ணன் வேறு இடத்தில் பேசி முடிப்பான். எல்லாம் மாரிசெல்வியின் மேஜைக்கு வந்து நின்றது.

பேச்சிராஜே வைரச் சக்கரத்தில் பிடித்து, துணுக்குகளை ராவி, பால் போல வழவழப்பாக்கித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். நகரவில்லை, எதிரிலேயே நின்றான். அவள் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுத் தட்டினாள். கணீர், கணீர். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே நன்றாகத்தான் கூவின. அவன் முகத்தில் உயிர் வந்தது.

அடுத்தது சிவப்பு மை. சாம்பிளுக்குச் சிலதை எடுத்து அந்த மையில் போட்டுக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் மை நின்றுகொள்ளும்.

"செல்வி, சாம்பிள் அந்த ஓரத் தட்டுல எடு. அதுல கம்மியாத்தான் விழுந்துருக்கு" என்றான் மெதுவாக.

அவள் நடுத்தட்டில் எடுத்தாள். மையில் போட்டாள், கழுவினாள், விளக்கடியில் பிடித்தாள். துணுக்கு விழுந்திருந்த இடத்தில் முடி போல ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்றிலும் கோடு. பச்சையாக இருக்கும்போது பட்ட அடி, வெந்தபின் உள்ளே விரிசலாக உட்கார்ந்துவிட்டது. பேச்சிராஜ் மேஜை மேல் குனிந்தான்.

"கண்ணுக்குத் தெரியலல்லா, ஏட்டி? காதும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுல்லா?"

"மை சொல்லுதே."

"இது நம்ம ரெண்டு பேரு வாழ்க்கை செல்வி. ஒரே ஒரு தடவ."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஆசிட் பம்புக்குப் போறதுங்க இது. சுத்தும்போது தெறிச்சா பக்கத்துல நிக்கவன் மூஞ்சியிலதான் அடிக்கும். அவனுக்காவவும் ஒருத்தி எங்கயாவது காத்துக்கிட்டு இருப்பால்லா?"

"அப்போ ஒனக்கு நான் வேண்டாம்."

"வேணும். அதுக்காவ இத நான் பாஸ் போட முடியாது."

அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். மாரிசெல்வி சிவப்பு முத்திரையை எடுத்து அத்தனை தட்டிலும் குத்தினாள். குத்தக் குத்த அழுதாள், அழ அழக் குத்தினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு ராமன் சாரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "வயித்த ரொப்பச் சொன்னது நாந்தான் சார். அதையும் சேத்துக்கோங்க" என்றாள்.

விசாரணையில் பேச்சிராஜும் மறைக்கவில்லை, நான்தான் என்று ஒப்புக்கொண்டான். கோதண்டத்துக்கு வார்னிங். பர்மனன்ட் லெட்டர் பிரஸ் செக்ஷனில் வேறொருத்தனுக்குப் போயிற்று. பேச்சிராஜ் கான்ட்ராக்ட்டிலேயே நின்றான். அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. ஷேர் ஆட்டோவில் அவள் இருந்தால் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனான். அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. செய்தது தப்பில்லை என்கிறபோது எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? ஆனால் ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அய்யாத்துரை இருவரையும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தான். மாரிசெல்வி மட்டும்தான் போனாள்.

"எங்கட்டி அவன்?"

"தெரியாதுண்ணே."

"லெட்டர் வந்துட்டா?"

"வராது. லோடு பூரா ரிஜெக்ட். ரிஜெக்ட் பண்ணுனது நான்தான்." எல்லாவற்றையும் சொன்னாள். அய்யாத்துரை டீயைக் குடிக்க மறந்து கேட்டான்.

"கூறு இருக்கா ஒனக்கு? நீயே கெடுத்துட்டு நீயே வந்து நிக்கியே!"

"கெடுத்தது நான்தான். ஆனா கட்டுனா அவரத்தான் கட்டுவேன். பர்மனன்ட் ஆவுத அன்னைக்கு ஆவட்டும். எனக்கு வேல இருக்கு, ரெண்டு பேரும் திம்போம். கார் கம்பெனிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க." அண்ணன் முன்னால் அவள் அப்படி நிமிர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அவன் வேண்டாம்னுட்டா?"

அந்த நேரத்தில்தான் பேச்சிராஜ் ஒரு ஆட்டோவிலிருந்து பிதுங்கி இறங்கினான். ஷேவ் பண்ணாத முகம், கசங்கின சட்டை. வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை.

அய்யாத்துரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். "எல, ஒன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கா எந்தங்கச்சி. இவளையா கட்டப் போற?"

பேச்சிராஜ் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கோவந்தான். இன்னும் தீரல" என்றான். "மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பொறவு ரூம்ல கெடந்து யோசிச்சேன். எனக்காவக்கூட ஒரு பொய் சொல்லாதவ, எங்கிட்ட என்னைக்குப் பொய் சொல்லப் போறா? இந்த மாதிரி ஒருத்தி எனக்கு வேற எங்க கெடைப்பா? நீங்க குடுக்காட்டாலும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன் மச்சான்."

"யாருக்கு யார்ல மச்சான்?" என்று அதட்டினான் அய்யாத்துரை. அதட்டிவிட்டு, கடைக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு டீ" என்றான்.

மாரிசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கடையில் அத்தனை பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதாள். தை பிறந்தபோதும் பேச்சிராஜ் கான்ட்ராக்ட்தான். கல்யாணம் நடந்துவிட்டது.